கருங்கல் பூமியில் கருங்கல் படம்

சென்ற தை மாதம் என் தங்கை மகள் ஓசூரில் வாங்கியிருக்கும் அடுக்குமாடி வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். மேல்நாட்டுக் கிராமத்துக் குடில்களைப் போல, காட்டேஜ் பாணியில், வரவேற்பறையை அமைக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அதற்காகக் கைப்பேசியில் நூற்றுக்கணக்கான படங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். கரடுமுரடான கல் சுவர், தாழ்ந்த மர உத்தரங்கள், கணப்படுப்பு, ஒட்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வை, செப்புப் பாத்திரங்கள் தொங்கும் சமையலறை என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். எனக்கும் அந்தப் படங்கள் மிகவும் பிடித்திருந்தன. ஆனால், ஒரு சுவர் முழுவதும் ஒட்டுவதற்காக அவள் வாங்கி வைத்திருந்த தாள் சுருளைப் பிரித்துக் காட்டியபோது என் மனம் கனத்துவிட்டது. அதில் அச்சாகியிருந்தது கருங்கல் சுவரின் படம். மண்ணைத் தோண்டினால் பாறை தட்டுகிற, உலக நாடுகளுக்கெல்லாம் கப்பலில் கருங்கல் அனுப்புகிற கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, கல்லின் படத்தைச் சுவரில் ஒட்டப் போகிறோமே என்ற வருத்தம் அன்று முழுவதும் நீங்கவில்லை.

“கல்லை வைத்தால் எடை தாங்குமா பெரியம்மா? அதற்கு ஆகும் செலவு என்ன?” என்று அவள் கேட்டாள். இரண்டும் நியாயமான கேள்விகள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இன்று புது வீடு கட்டும் இளையவர்களில் பலருக்கு இந்த ஆசை இருப்பதைப் பார்க்கிறேன். அந்த ஆசை தவறானது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். பளபளக்கும் தரையும் கண்ணாடியும் நிறைந்த வீட்டில் மனம் ஒட்டாமல், கை பட்டுத் தேய்ந்த மரமும், மண்ணின் நிறமும், கொஞ்சம் நிழலும் வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றுவது நல்ல விஷயம். அந்த நிம்மதி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

ஆங்கிலேயக் கிராமத்துக் குடிலில் இருந்த எதுவும் முதலில் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டதல்ல. சுவர் தடிமனாக இருந்தது குளிரைத் தடுப்பதற்காக; கூரை தாழ்ந்திருந்தது அறையின் வெப்பம் மேலே போய் வீணாகாமல் இருப்பதற்காக; சன்னல் சிறியதாக இருந்ததற்குக் குளிரோடு கண்ணாடியின் விலையும் ஒரு காரணம். உத்தரம் கூரையைத் தாங்கியது, கணப்படுப்பு சோறும் சூடும் தந்தது, பழந்துணிப் போர்வை ஏழையின் சிக்கனம். அந்தப் படங்களில் நம்மை ஈர்க்கும் இதம், ஒவ்வொரு பொருளும் அதனதன் வேலையைச் செய்துகொண்டிருந்ததால் வந்தது என்பதே என் கருத்து. பொருளிலிருந்து வேலையைப் பிரித்துவிட்டு அதன் உருவத்தை மட்டும் கொண்டுவந்து வைத்தால், படம் எடுப்பதற்கு நன்றாக இருக்கும், நாள் முழுக்க அதனோடு வாழ்வதற்கு எதையும் தராது.

இராயக்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த என் பாட்டியின் வீட்டை நினைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றைப் போல அந்த வீட்டுக்கும் பலகைக் கல்லே கூரை. பாறையில் வரிசையாகக் குழியடித்து, ஆப்பு வைத்துப் பிளந்தெடுத்த நீளமான கற்பலகைகளைச் சுவருக்குச் சுவர் பரப்பி, மேலே மண்ணைக் கொட்டிக் கெட்டித்திருந்தார்கள். கல்லைப் பலகையாகப் பிளந்து நிறுத்தும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதன்று; தேன்கனிக்கோட்டைப் பக்கம் மல்லச்சந்திரத்துக் குன்றில் பெருங்கற்கால மக்கள் பலகைக் கற்களால் எழுப்பிய கல்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. பாட்டி வீட்டின் குறையையும் சொல்ல வேண்டும். பகலெல்லாம் வெயிலை வாங்கிக்கொள்ளும் கல், சித்திரை மாதத்து இரவில் அந்தச் சூட்டை உள்ளே இறக்கும். அதனால் கோடையில் யாரும் உள்ளே படுத்ததில்லை. திண்ணையில் ஆண்களும், வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் பிள்ளைகளும் படுத்தோம். குளிர் நாட்டுக் குடிலின் நடுவில் கணப்படுப்பு இருந்ததைப் போல, எங்கள் வீட்டின் நடு உயிர் திண்ணையில் இருந்தது. இதமான வீடு என்றால் அவர்களுக்குச் சூடு, நமக்கு நிழல். ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் தளிப் பகுதியில் வீடு கட்டுபவருக்கு மார்கழிக் குளிரில் கணப்படுப்பு பயன்படலாம். தருமபுரியில், வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊரில், குளிர்சாதனப் பெட்டிக்குக் கீழே பொய்க் கணப்படுப்பு வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த இடத்தில் லாரி பேக்கரை நினைக்காமல் இருக்க முடியாது. 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர் அவர். குடில்களின் நாட்டிலிருந்து வந்த அவர் கேரளத்தில் ஓர் ஆங்கிலக் குடிலைக் கூட நகலெடுத்து வைக்கவில்லை. வீடு கட்டும் பொருள்கள் ஐந்து மைல் சுற்றுவட்டாரத்தில் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்று காந்தியடிகள் கூறியதைத் தம் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்தார். செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி நடுவில் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டு முறையைப் பரப்பினார். செங்கல் ஏறத்தாழக் கால் பங்கு மிச்சமாவதோடு, அந்த வெற்றிடம் வெப்பத்தையும் ஓரளவு தடுக்கிறது. பூசாமல் விட்ட அந்தச் செங்கல் சுவர்களின் அழகைப் பார்த்துவிட்டுத்தான் இன்று பலர் செங்கல் படம் போட்ட தாளை வாங்குகிறார்கள் என்று நினைக்கும்போது வேதனையாக இருக்கிறது.

கிருஷ்ணகிரியில் எங்கள் வீடு 1998-இல் கட்டிய சாதாரணக் கான்கிரீட் வீடு. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதன் கூடத்தை மாற்றி அமைத்தபோது முதலில் கை வைத்தது சுவரில். கடையில் விற்கும் எமல்ஷன் பெயின்ட் சுவர்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தோல் போல் படிந்துவிடுவதால், அதன்மேல் சுண்ணாம்பு பிடிக்காது. எனவே பழைய பெயின்ட் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. ஆறு நாள் தூசிதான். பிறகு சுண்ணாம்புக் கல்லை நீற்றி, துணியில் வடிகட்டி, சில நாள் ஊறவிட்டு, சுவரை நன்றாக நனைத்த பின் நீர்க்க நீர்க்க மூன்று முறை அடித்தோம். அடித்த உடனே ஒன்றுமே தெரியவில்லை. அம்மா பதறிப்போய், “காசைக் கொண்டுபோய்த் தண்ணியில போட்டியா?” என்று கேட்டார். மறுநாள் காய்ந்தபோது சுவர் மெல்ல மெல்ல வெளுத்து வந்தது. ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது; காட்டேஜ் படங்களில் நாம் காணும் அந்த மங்கலான, ஒரே சீராக இல்லாத வெண்மை இதுதான், ஏனென்றால் அந்நாட்டுக் குடில்களிலும் அடித்தது சுண்ணாம்பையே. சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற அது வழி விடும், பூசணத்தையும் எளிதில் அண்ட விடாது. இதை முயல்பவர்கள் கண்ணில் சுண்ணாம்பு தெறிக்காதபடி கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். கலவை சரியில்லை என்றால் சட்டையில் ஒட்டும் என்பதும் உண்மை. எங்கள் மேஸ்திரி வடித்த கஞ்சியைச் சேர்த்தார், ஒட்டவில்லை.

அடுத்தது கல். பர்கூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் உள்ள பாலிஷ் பட்டறைகளில் பெரிய பலகைகளை அறுத்த பின் மிஞ்சும் துண்டுகள் குவிந்து கிடக்கும். ஏற்றுமதிக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட அந்தத் துண்டுகளில் பளபளப்பு ஏற்றாதவற்றைத் தேடிப் பொறுக்கி, வாசலுக்குப் பக்கத்தில் உட்காரும் மேடைக்குப் போட்டோம். எடையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள கருங்கல் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 54 கிலோ வரும். ஒரு மீட்டர் நீளமும் நாற்பது சென்டிமீட்டர் அகலமும் உள்ள மேடைக்கு 22 கிலோ போதும், ஒரு சிமென்ட் மூட்டையின் பாதி எடை கூட இல்லை. சுவர் முழுக்கக் கல் வேண்டும் என்றால் பொறியாளரைக் கேட்காமல் செய்யக் கூடாது. ஆனால் சுவர் முழுக்க எதற்கு? உட்காரும் இடத்தில் கல் இருந்தால் உடம்பு அதை அறிகிறது. கோடைப் பிற்பகலில், வெயில் படாத அந்த மேடையில் வெறுங்காலோடு உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் மேலும் விளக்கத் தேவையில்லை.

எங்கள் தெருவில் சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிய புளியமரத்தின் ஒரு துண்டும் வீட்டுக்கு வந்தது. தருமபுரிப் பக்கத்துக்குப் புளி எவ்வளவு நெருக்கமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் புளியங்கட்டையை இறைச்சிக் கடையில் மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அதன் வெளிப்பகுதி வெளிறிய மரம், வண்டு துளைக்கும். உள்ளே இருக்கும் வைரம் கருஞ்சிவப்பாக, இரும்பு போல் இருக்கும். ரம்பத்தின் பல் மழுங்குகிறது என்று ஆசாரி அலுத்துக்கொண்டாலும், வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுத்து ஒரு மணை செய்து கொடுத்தார். அதில்தான் அம்மா காய் நறுக்குகிறார்.

இனி, எனக்கு உண்மையாகவே கோபம் வரும் ஒரு விஷயம். பழைய வீடுகளை இடித்து எடுத்த கதவுகளையும் தூண்களையும் வாங்கி, கதவைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவதும், ஆட்டுக்கல்லில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விடுவதும், திரிகையின் மேல்கல்லைத் தோட்டத்தில் நடைபாதைக் கல்லாகப் பதிப்பதும் இப்போது பெருகிவிட்டன. கதவென்றால் அது திறந்து மூட வேண்டும். அந்தக் கதவை உங்கள் வாசலுக்கே பொருத்துங்கள், மனதாரப் பாராட்டுவேன். எங்கள் வீட்டில் ராகிக்கல் கூடத்தின் மூலையில்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறையாவது களிக்கு மாவு அரைக்கிறோம், அரைத்து முடித்தபின் கல்லைச் சுற்றிச் சிதறிய மாவோடு அந்த மூலை எவ்வளவு அழகாக இருக்கும் தெரியுமா! இதைவிடக் கொடுமை, நடுகல் போன்ற சிலைக் கல்லைப் பண்ணை வீட்டுத் தோட்டத்தில் நிறுத்தலாமா என்று என்னிடமே ஒருவர் கேட்டது. ஆநிரை மீட்கவோ ஊரைக் காக்கவோ உயிர் கொடுத்தவனுக்காக நட்ட கல் அது. அதன் இடம் அது நின்ற ஊர், இல்லையென்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகங்கள். நூறாண்டு கடந்த அத்தகைய பொருள்களுக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் உண்டு. யாராவது விற்க வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

வாங்க வேண்டியவை வேறு இருக்கின்றன. ஈச்ச ஓலைக் கூடை, கோரைப் பாய், மூங்கில் முறம் இவை வாரச் சந்தையிலேயே கிடைக்கும். முறத்துக்கு வெந்தய விழுதும் காகிதக் கூழும் கலந்து பூசி வெயிலில் காயவைத்தால் பல ஆண்டு உழைக்கும். பூசிய முறத்தின் அந்தச் சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தை எந்த வண்ணக் கடையிலும் வாங்க முடியாது. ஆடு மேய்ப்பவர்கள் மழைக்குக் கொங்காடையாகப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கம்பளி, உறுத்தினாலும், சோபாமேல் விரிக்க அதைப் போல் ஒன்றில்லை. எல்லைக்கு அப்பால் மாதேசுவரன் மலைப் பகுதியில், காட்டை மூடிவிட்ட உண்ணிச்செடியின் தண்டுகளை வேகவைத்துத் தோலுரித்து, சோலிகர் பழங்குடியினர் நாற்காலியும் மேசையும் பின்னுகிறார்கள். நம் காடுகளையும் அதே செடிதான் நெரிக்கிறது. கிராமத்துப் பாணி வேண்டும் என்பவர் பிரம்பைத் தேடி அலையாமல் இதை வாங்கினால் காட்டுக்கும் நல்லது, அந்தக் கைகளுக்கும் நல்லது.

விளக்கைப் பற்றி ஒரு வரி. பல்பு அட்டைப்பெட்டியில் 6500 கெல்வின் என்றிருந்தால் நீலம் கலந்த வெள்ளை, 2700 என்றிருந்தால் மஞ்சள். கூடத்துக்கு 2700 வாங்குங்கள், பாதி வேலை முடிந்தது.

இவையெல்லாம் சொந்த வீட்டுக்காரருக்குத்தானே, வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சுவரைச் சுரண்ட முடியாது, கல் மேடை போட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாயும், கூடையும், மணையும், விளக்கும், பழம்புடவைகளை அடுக்கித் தைத்த மெத்தையும் வீடு மாறும்போது உடன் வருபவை. எதை வாங்குவதற்கு முன்பும், இது என் வீட்டில் நாளை காலை என்ன வேலை செய்யும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

என் தங்கை மகள் அந்தத் தாள் சுருளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில், ஒரு மீட்டர் நீளத்துக்கு, அவளுக்கும் ஒரு கல் மேடை போட்டாயிற்று. சாம்பல் நிறக் கல்லை அவளே பட்டறையில் நின்று பொறுக்கினாள். சுண்ணாம்பு இன்னும் அடிக்கவில்லை. ஊறப்போட்டு வைத்திருக்கிறோம், வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும்.