ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள்

செவிலியர் பணியிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பாளையங்கோட்டையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பொது மருத்துவப் பிரிவிலும் நெஞ்சக நோய்ப் பிரிவிலுமாகப் பணி செய்தவள் நான். சென்ற வாரம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த உறவினர் ஒருவரைப் பார்க்கப் போனேன். கால்மாட்டில் தொங்கிய அட்டையைப் பழக்கத்தில் புரட்டிப் பார்த்தது முதல் மனம் ஆறவில்லை. காய்ச்சலும் சளியுமாகப் படுத்திருந்த எழுபது வயது மனிதருக்கு நான்கு நாள்களாக, வேளைக்கு வேளை, மூச்சு என்ற கட்டத்தில் 20 என்ற ஒரே எண்தான் எழுதப்பட்டிருந்தது. விடியற்காலையிலும், நள்ளிரவிலும், காய்ச்சல் 102 டிகிரி ஏறியபோதும் ஒருவர் மாறாமல் 20 முறை மூச்சுவிடுவது நடக்காத காரியம். அருகில் அமர்ந்து கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். 28 வந்தது.

அந்த அட்டையை எழுதிய பிள்ளைகளைக் குறைசொல்ல எனக்குத் தகுதி இல்லை. பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு மருத்துவமனையில், இரவுப் பணியில் இதே தவற்றை நான் செய்தேன். ஆலங்குளம் பக்கத்துக் கல்குவாரித் தொழிலாளி ஒருவர் நிமோனியாவுடன் சேர்க்கப்பட்டிருந்தார். நாடி பார்த்தேன், இரத்த அழுத்தம் பார்த்தேன், காய்ச்சல் பார்த்தேன்; மூச்சை எண்ணாமலேயே 20 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். காலையில் டூட்டி டாக்டர் எண்ணியபோது 36. அன்று பகலிலேயே அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பதினொரு நாள் கழித்து நடந்தே வீட்டுக்குப் போனார். ஆனாலும் அந்த ஓர் இரவை அவருக்கு நான் இழக்கவைத்தேன் என்ற எண்ணம் இன்று வரை என்னோடு இருக்கிறது.

ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும். நிமோனியா எவ்வளவு கடுமையானது என்று மதிப்பிடும் முறைகளில் 30ஐத் தொட்டால் அது தனி அபாயக் குறி. குழந்தைகளுக்குக் கணக்கு வேறு: இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற அளவை எட்டினாலே வேகமான மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. எண்ணுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. ‘மூச்சை எண்ணப் போகிறேன்’ என்று சொன்னால் யாருக்கும் மூச்சின் நடை மாறிவிடும். ஆகவே நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சின் ஏற்ற இறக்கத்தில் வைத்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலும் நான்கு தவறும்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். கொரோனாவுக்குப் பின் திருநெல்வேலியில் பல வீடுகளில் அந்தக் கருவி இருக்கிறது, நல்லதுதான். ஆனால் நோயாளி வேகவேகமாக மூச்சிழுத்து ஈடுகட்டும் வரை கருவியில் 96 என்று காட்டிக்கொண்டே இருக்கும். கை சில்லிட்டிருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் அளவு பிசகும். நம்மைப் போன்ற கருத்த தோல் உடையவர்களுக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டவும் கூடும். கருவி சொல்வது இரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பதை மட்டுமே. அதை அந்த அளவில் நிறுத்த அந்த உடல் படும் பாட்டை மூச்சின் எண்ணிக்கைதான் சொல்லும்.

எண்ணிக்கை கூடுவது மட்டுமல்ல, குறைவதும் பேசும். முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்கு, நாற்பது ஆண்டு பீடிப் பழக்கத்தால், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றியிருந்தது. இரவில் இளைப்பு அதிகமாக, அவருடைய மகன் பயந்துபோய் ஆக்சிஜன் மீட்டரைத் தானே திருகிக் கூட்டி வைத்துவிட்டார். விடியற்காலை நான் போனபோது அவருடைய மனைவி, “இப்பதான் நல்லா உறங்குதாக, எழுப்பாதீங்க சிஸ்டர்” என்றார். எண்ணினேன், மூச்சு 10. தோளைத் தட்டியும் கண் திறக்கவில்லை. இந்த நோயில் பலருக்கு அளவுக்கு மீறிய ஆக்சிஜன் இரத்தத்தில் கரியமில வாயுவைத் தேங்கவைக்கும்; அந்தத் தேக்கம் ஆளை மயக்கத்தில் ஆழ்த்தும். பார்ப்பவர்களுக்கு அது உறக்கமாகத் தெரியும். அதனால்தான் இவர்களுக்கு ஆக்சிஜன் அளவை 88 முதல் 92க்குள் நிறுத்தச் சொல்கிறார்கள். 98க்கு ஏற்றுவது உதவி அன்று. இரத்த வாயுப் பரிசோதனை செய்து, காற்றை அழுத்தி உள்ளே செலுத்தி மூச்சுக்கு உதவும் பைபேப் கருவியை முகத்தில் பொருத்தி, மதியத்துக்குள் அவரைத் தெளியவைத்தார்கள். ஆக்சிஜனும் ஒரு மருந்து, அதற்கும் அளவு உண்டு என்பதை அந்த மகனுக்கு முதல் நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டும்; அந்த யாராவது நான்தான்.

கேஸ் ஷீட்டில் எண்ணாமல் எழுதப்படும் இன்னொரு கட்டம், தொழில். பெண்கள் என்றால் ‘இல்லத்தரசி’ என்று எழுதிவிடுகிறார்கள். முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கத்துப் பெண்களில் எத்தனை பேர் சிறுமியாக இருந்த நாள் முதல் மடியில் முறம் வைத்துப் பீடி சுற்றியவர்கள், புகையிலைத் தூளை மூச்சில் வாங்கியவர்கள், அதோடு புகைபோக்கி இல்லாத அடுக்களையில் விறகு ஊதியவர்கள் என்று நமக்குத் தெரியாதா? இத்தாலிய மருத்துவர் ரமாட்சினி, நோயாளியிடம் ‘என்ன தொழில் செய்கிறாய்’ என்று கேட்கும்படி 1700இலேயே எழுதினார். நாம் இன்னும் கேட்கவில்லை. கேட்காததால், வாழ்நாளில் ஒரு பீடியும் பிடிக்காத பெண்ணுக்கு அடைப்பு நோய் இருக்கும் என்ற சந்தேகமே எழுவதில்லை. ‘வீசிங்’ என்று எழுதி, நெபுலைசர் வைத்து, ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறோம். ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று புழுதியைக் கிளப்பும்போதும், மார்கழிப் பனியிலும் அவர் மறுபடி வருவார். அதற்குள் அந்த ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியிருக்கும், எலும்பு தேய்ந்திருக்கும்.

வீசிங் என்பது ஒரு ஓசை. அது நோயின் பெயர் அன்று. ஆஸ்துமாவிலும் அந்த ஓசை வரும், அடைப்பு நோயிலும் வரும், இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தாலும் வரும். இளைப்பு தணிந்து உடல் நிதானப்பட்ட பிறகு ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் சோதனையைச் செய்தால், முதல் நொடியில் வெளிவரும் காற்று மொத்தத்தில் எவ்வளவு பங்கு என்பது தெரியும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சவைத்துக் கால் மணி நேரம் கழித்து ஊதியும் அந்தப் பங்கு 0.70க்குக் கீழேயே நின்றால் அடைப்பு நிலையானது. மருந்துக்குப் பின் நன்றாக உயர்ந்தால் ஆஸ்துமா பக்கம் சாயும். வலியில்லாத, சில நிமிடங்களில் முடிகிற இந்தச் சோதனை செய்யப்படாமலேயே பத்து ஆண்டு மருந்து சாப்பிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சளிப் பரிசோதனையிலும் இதே அவசரம்தான். டப்பாவைக் கையில் கொடுத்து ‘துப்பிக் கொண்டாங்க’ என்றால் எச்சில்தான் வரும். காலையில் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து நிறுத்தி, நெஞ்சிலிருந்து இருமி எடுக்கும் சளியில்தான் காசநோய்க் கிருமி அகப்படும். நல்ல சளி கிடைத்தால், கிருமி இருக்கிறதா, காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்ற இரண்டையும் இரண்டு மணி நேர அளவில் சொல்லும் மூலக்கூறு சோதனை இன்று அரசு மருத்துவமனைகளில் இலவசம். எச்சிலைக் கொடுத்து ‘இல்லை’ என்று முடிவு வாங்கியவர், ஊரில் அதே இருமலோடு பேரப்பிள்ளைகளுக்கு நடுவில் இருப்பார்.

இன்ஹேலரைப் பற்றி ஒன்று மட்டும். ‘பழகிப்போகும்’ என்று பயந்து மாத்திரையைக் கேட்கிறார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருக்கும் மருந்து, 100 மைக்ரோகிராம் இன்ஹேலரை 40 முறை அழுத்தினால் வரும் மருந்துக்குச் சமம். உறிஞ்ச வேண்டிய கேப்சூலை விழுங்கியவர்களும் உண்டு. எழுதிக் கொடுத்தவர்கள் எதிரில் நிறுத்திச் செய்துகாட்டச் சொல்லாததன் விளைவு அது.

இரவில் முப்பது கட்டிலுக்கு ஒரு செவிலியர் இருக்கும் இடத்தில் இதெல்லாம் எப்படி என்று கேட்பது நியாயமான கேள்வி. முப்பது பேருக்கு முப்பது நிமிடம் ஆகும். அந்த முப்பது நிமிடத்தைப் பணி அட்டவணையில் ஒதுக்குவதும், அதற்கேற்ப ஆள்களை நியமிப்பதும் நிர்வாகங்களின் கடமை. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், யாரை உடனே படுக்கையில் சேர்க்க வேண்டும் என்று பிரிக்க எதைக் கேட்கிறது? உடல் எடை, கால் வீக்கம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பது, நிமிடத்துக்கு 24ஐத் தாண்டும் மூச்சு. இவ்வளவுதான். உயிரைக் காக்க இவற்றைத்தான் பார்க்க வேண்டும் என்று அரசே வகுத்திருக்க, அட்டையில் நாம் 20 என்று எழுதிக்கொண்டிருக்கலாகாது.

அந்த முக்கூடல்காரர் வீட்டுக்குப் போகும் அன்று, அவர் மனைவிக்கு மூச்சை எண்ணச் சொல்லிக்கொடுத்தேன். எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாது. பீடிக்கட்டு எண்ணிப் பழகிய கை, எண்ணிக்கை தவறவில்லை. சில மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் பேருந்தில் கணவரை அழைத்துக்கொண்டு வந்து நின்றார். கையில் நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள்கள் சில. ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலில் ஓர் எண்: 19, 20, 19, 22, 25, 28. “28 வந்துட்டு சிஸ்டர், அதான் திங்கக்கிழம ஓ.பி.க்குக் காத்திருக்கல” என்றார். சளியில் புதிதாகக் கிருமி ஏறியிருந்தது. வார்டிலேயே வைத்துப் பார்த்து, ஐந்தாம் நாள் அனுப்பினோம்.