கொழுத்த கன்றும் இருமுகிறதே
மாரியில் கன்றுகள் இருமுவதற்கு எதிர்ப்புச் சக்தி குறைவுதான் காரணம் என்று இங்கே வந்த ஒரு கட்டுரை முடித்துவிடுகிறது. பாதிதான் சரி. வயிறு நிறையப் பால் குடித்துக் கொழுத்த கன்றும் யாழ்ப்பாணம் கோப்பாயில் உள்ள எங்கள் கொட்டிலில் இருமியிருக்கிறது. எதிர்ப்புச் சக்தியை வைரஸே அடக்கிவிடுவதும் உண்டு. கன்றுகளுக்குச் சுவாச நோய் கொடுக்கும், மாடுகளின் சுவாசச் சின்சீசியல் வைரஸிடம் என்எஸ்1, என்எஸ்2 என்று இரண்டு புரதங்கள் உண்டு. தொற்றிய கலம் (செல்) இன்டர்பெரோன் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரந்து அயல் கலங்களை உசார்ப்படுத்த விடாமல் அவை தடுக்கின்றன. மாடுகளுக்கு வயிற்றோட்ட நோய் தரும் பிவிடி வைரஸ் இன்னும் பொல்லாதது. இன்டர்பெரோன் சுரப்பை முடுக்கிவிடும் ஐஆர்எப்3 புரதத்தையே அது கலத்தைக் கொண்டு சிதைப்பிக்கிறது. சினையின் முதல் நான்கு மாதங்களுக்குள் தாய்க்குத் தொற்றினால், கன்றின் உடல் வைரஸைத் தன்னுடையதென்றே எடுத்துக்கொண்டு ஆயுள் முழுக்கப் பரப்பிக்கொண்டிருக்கக்கூடும். பார்வைக்குச் சுகமான கன்றாகவும் இருக்கலாம். அப்புறம், கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் அன்டிபயோட்டிக் போட்டால் போதும் என்கிறார். அது பின்னால் வந்து சேரும் பக்டீரியாவுக்குத்தான், வைரஸுக்கு இல்லை.