மனு வாங்கும் மேசையும் சாவடிச் சீட்டும்

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996இல் மதுரை மாவட்டத்தின் இந்த மூன்று ஊராட்சித் தலைவர் பதவிகளும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. அடுத்த பத்து வருடம் தேர்தல் அறிவிப்பு வரும், அதிகாரிகள் வருவார்கள், மனுத் தாக்கல் செய்யத்தான் ஆள் வராது. வரவிடவில்லை. சில தடவை ஆதிக்க சாதியினரே ஒருவரை நிறுத்தி ஜெயிக்க வைத்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா வாங்கினார்கள். அதேபோல் ஒதுக்கப்பட்ட மேலவளவில் துணிந்து மனு போட்டு ஜெயித்த முருகேசனையும் உடனிருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். தேர்தலுக்கு யாரும் தடை போடவில்லை. போட்டியிடும் ஆளைத்தான் தடுத்தார்கள்.

இன்றைய எதேச்சாதிகார ஆட்சிகள் செய்வதும் இதே வேலைதான், நாட்டு அளவில். மதுரைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும்.

வெனிசுலாவில் 2024 ஜூலை 28 அன்று அதிபர் தேர்தல். எதிர்க்கட்சிகளின் உட்தேர்தலில் அமோகமாக ஜெயித்தவர் மரியா கொரினா மச்சாதோ. 15 வருடம் பதவி வகிக்கக் கூடாது என்று அவருக்குத் தடை. அவருக்குப் பதிலாக கொரினா யோரிஸ் என்ற பேராசிரியரை நிறுத்தினார்கள். அவர் மீது எந்தத் தடையும் இல்லை, ஆனால் வேட்பாளர் பதிவுக்கான கணினித் தளம் அவரை உள்ளேயே விடவில்லை. கெடு முடிந்துபோனது. மூன்றாவதாக வந்த எட்முண்டோ கோன்சாலஸை மட்டும் ஆட்சியாளர்கள் விட்டார்கள். எதிரே ஆளே இல்லாத வெற்றிக்கு வெளியில் மதிப்பு கிடைக்காது. பெயர் தெரியாத ஒரு முன்னாள் தூதர் நின்றால் ஆபத்தில்லை என்று நினைத்திருப்பார்கள். அந்தக் கணக்கு தப்பிப்போனது.

அங்கே வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு இயந்திரமும் முடிவை நீளச் சீட்டாக அச்சிட்டுத் தரும். முகவருக்கு நகல் வாங்க உரிமை உண்டு. எதிர்க்கட்சித் தொண்டர்கள் 80 சதவீதத்துக்கும் அதிகமான சீட்டுகளைத் திரட்டி ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டார்கள். அவற்றின்படி கோன்சாலஸுக்கு ஏறக்குறைய 67 சதவீதம். தேர்தல் கவுன்சிலோ ஆட்சியில் இருந்த அதிபர் மதுரோவுக்கு 51 சதவீதம் என்றது, சாவடிவாரிக் கணக்கை வெளியிடவே இல்லை. ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்த நீதிமன்றத்தை 2004லேயே 20 நீதிபதிகளிலிருந்து 32 ஆக்கி, முந்தைய அதிபர் சாவேஸ் காலத்திலேயே தங்கள் ஆட்களால் நிரப்பிவிட்டார்கள். கடைசி நாள் மோசடிக்கு இருபது வருடம் முன்பே அடித்தளம் போட்டாயிற்று.

ஹங்கேரியில் சீட்டைத் தொட வேண்டிய தேவைகூட இல்லை. தேர்தல் சட்டத்தையே மாற்றினார்கள். 2014இல் அப்போதைய பிரதமர் ஓர்பானின் அணி சுமார் 45 சதவீத ஓட்டில் மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பிடித்தது.

இவர்கள் ஒருவருக்கொருவர் முட்டுக்கொடுப்பது தனிக் கவலை. வெனிசுலாவின் அந்தத் தேர்தல் சர்வதேசத் தரத்தில் இல்லை என்று தேர்தல்களைக் கண்காணிக்கும் கார்ட்டர் மையம் சொன்னது, மதுரோவுக்கோ ரஷ்யாவும் சீனாவும் வாழ்த்துச் சொன்னன. 2020இல் பெலாரஸில் அதிபர் லுகாஷென்கோவுக்கு 80 சதவீதம் என்று அறிவித்ததும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த மாதமே புதின் 150 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டார். நட்பு நாடுகளின் பார்வையாளர் குழுக்கள் வந்து நற்சான்றும் கொடுக்கும். இரண்டு சான்றிதழ் வந்துவிட்டால் போதும், வெளியில் இருப்பவர்கள் ‘ஆளுக்கொன்று சொல்கிறார்கள்’ என்று நகர்ந்துவிடுவார்கள். தாராளவாத ஒழுங்கை இப்படித்தான் உள்ளிருந்தே அரிக்கிறார்கள்.

நம் பூத் ஏஜென்டுகளுக்கு ஒரு வேண்டுகோள். வெனிசுலாவின் சீட்டுக்கு ஓரளவு நெருக்கமாக நம்மிடம் இருப்பது படிவம் 17சி, சாவடியில் பதிவான ஓட்டுகளின் கணக்கு. யாருக்கு எத்தனை என்று அது சொல்லாது, மொத்தம் எத்தனை ஓட்டு என்று சொல்லும். வாக்குப்பதிவு முடிந்து ஓட்டு இயந்திரத்தின் கன்ட்ரோல் யூனிட்டில் வரும் மொத்தத்தை, ஓட்டுப் போட்டவர்களைக் குறிக்கும் 17ஏ பதிவேட்டோடு சரிபாருங்கள். யூனிட் எண், சீல் எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். நகல் வாங்குவது சலுகை இல்லை, உரிமை. நாலு மணிக்கே டீ குடிக்கக் கிளம்பிவிட்டு, மறுநாள் கையெழுத்தில்லாத தாளை வைத்துக்கொண்டு புலம்பிப் பயனில்லை. எண்ணிக்கை மேசையில் அதே யூனிட் வந்ததும், ரிசல்ட் பட்டனை அழுத்துவதற்கு முன்பே எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் அங்கேயே எழுத்துமூலம் ஆட்சேபணை கொடுங்கள்.