சூடான எஞ்சினுக்குக் காலை வைத்தியம்

மார்கழிக் குளிரில் குன்னூரில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. சாவியைத் திருப்பினால், பாதித் தூக்கத்தில் எழுப்பப்பட்ட மாமனாரைப் போல ஒரு முனகல். டேஷ்போர்டு விளக்குகள் மங்கின. கடைசியில் பெரிய மனது பண்ணிக் கிளம்பியது. பேட்டரி புத்தம் புதிது! "பேட்டரிதான் சார், சந்தேகமே வேண்டாம்" என்று மெக்கானிக் சத்தியம் செய்து என் தலையில் கட்டிய பேட்டரி.

மெக்கானிக் இருப்பது மேட்டுப்பாளையத்தில். "காலையில் கொண்டுவாருங்கள் சார், பார்த்துவிடலாம்" என்பார். எப்படி ஐயா? கிளம்ப அடம்பிடிக்கும் வண்டியைக் கிளப்பி, பர்லியார், கல்லாறு என்று கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாம் இறக்கி, எஞ்சினைப் பதமாகச் சூடாக்கி அவர் முன்னால் நிறுத்த வேண்டும். அவர் உட்காருவார். சாவியைத் தொடுவார். உடனே கிளம்பும்! "நன்றாகத்தானே இருக்கிறது?" என்று ஒரு பார்வை. அணைத்துவிட்டு மறுபடி கிளப்புவார். பட்டறைப் பையனைக் கூப்பிட்டு அவனையும் கிளப்பச் சொல்வார். அவனுக்கும் கிளம்பும். டீ கொண்டுவந்தவர் ஆசைப்பட்டிருந்தால் அவருக்கும் கிளம்பியிருக்கும். சூட்டில் ஆயில் இளகிக் கிடக்கிறது, யார் தொட்டால்தான் கிளம்பாது? ராத்திரி முழுக்கக் குளிரில் நின்று, ஆயில் கெட்டிப்பட்டு, பேட்டரியும் சோர்ந்திருக்கும் நேரத்தில் அல்லவா நோய் தெரியும்! "ஒரு ராத்திரி இங்கேயே வைத்துக்கொண்டு விடிந்ததும் பாருங்கள்" என்றால் இடமில்லையாம். புதுப் பேட்டரி விற்க மட்டும் இடம் இருந்தது.

சில நூறு ரூபாய் மல்டிமீட்டரையாவது தொடுவாரா? நிற்கும் வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரியில் முழுச் சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். விழவில்லை என்றால், மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால், அந்த இரண்டையும் இணைக்கும் எர்த் வயரில் கோளாறு. இன்று நானே வைத்துப் பார்த்தேன். 1.3! நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் செல்ஃப் மோட்டாருக்குப் போக வேண்டிய வோல்ட்டை வழியிலேயே ஒரு வயர் தின்றுகொண்டிருக்கிறது. அந்த வயரின் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைப் பசேல் என்று களிம்பு.

போன் செய்து சொன்னேன். "அதெல்லாம் எதற்கு சார், வண்டி பழையதாகிவிட்டது. செல்ஃப் மோட்டாரையே மாற்றிவிடலாம்."

வயரில் களிம்பு என்கிறேன், மோட்டாரை மாற்றுவாராம்! சிரிப்புத்தான் வந்தது. களிம்பைத் தேய்த்தெடுக்க உப்புத்தாள் பத்து ரூபாய்.

அதை விடுங்கள். பட்டறைக்குப் போய் வரும்போதெல்லாம் என் சீட்டைப் பின்னால் தள்ளி, சாய்த்து, கட்டிலாக்கி அனுப்புகிறார்களே, அது என்ன பழக்கம்? கிளட்ச்சுக்குக் கால் எட்டவில்லை ஐயா!