2.4-உம் 2.4-உம் சேர்ந்தால் 4.8 ஆகுமா?

கிளிநொச்சிப் பக்கம் பழைய ஒபிஸ் கொம்பியூட்டர் வாங்கப் போகிறவர்களிடையே வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: “டூவல் கோர் 2.4 கிகாஹேர்ட்ஸ் என்றால் மொத்தம் 4.8. எந்த கேமும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும்.”

இது பிழை. கோர் என்பது புரொசசருக்குள் வேலை செய்யும் பகுதி; டூவல் கோர் என்றால் அது இரண்டு. கிகாஹேர்ட்ஸ் என்பது ஒவ்வொரு கோரும் துடிக்கும் வேகம்; அதைக் கூட்ட முடியாது.

வயலில் ஒரு உழவு மெசினுக்குப் பதிலாக இரண்டை இறக்கினால் வேலை கெதியாக முடியும், சரி. ஆனால் எந்த மெசினும் முன்பைவிட வேகமாக ஓடாது. வயலையும் இரண்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கேமில் அப்படிப் பிரித்துக் கொடுப்பது அதை எழுதியவரின் வேலை. 2005-இல் கணினிக்கு வந்த ஜிடிஏ சான் அன்ட்ரியாஸ் போன்றவை பெரும்பாலும் ஒரு கோரையே நம்பி ஓடுபவை. இரண்டாவது கோர் அநேகமாகச் சும்மாதான் இருக்கும்.

அப்படியானால் சிங்கிள் கோரே போதுமா? அதுவும் இல்லை. 2006-இல் வந்த 2.4 கிகாஹேர்ட்ஸ் கோர் 2 டுவோ என்ற இரண்டு கோர் புரொசசர், ஒரே கோர் உள்ள 3.8 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4-ஐ ஒற்றைக் கோர் வேலையிலேயே முந்தியது. ஒரு துடிப்பில் அது செய்யும் வேலை அதிகம். ஸ்டிக்கரில் உள்ள இலக்கத்தை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான். ஜிடிஏ 5-க்கோ குறைந்தபட்சத் தேவையே நான்கு கோர் உள்ள கோர் 2 குவாட்.

கடையில் வைத்தே பார்க்கலாம். விண்டோஸ் 10 என்றால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி (சின்னப் பெட்டி மட்டும் வந்தால் அதில் More details-ஐயும் அழுத்தி), பெர்போமன்ஸ் பக்கத்தில் சிபியுவைத் தொடுங்கள். புரொசசரின் பெயர் மேலே, கோர் எண்ணிக்கை கீழே. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.