"என்ன கிழிச்சீங்க?" என்று கேட்டவருக்கு

ஞாயிற்றுக்கிழமை காட்பாடி கூட்டத்தில் நடந்ததை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. வீடியோ எல்லோர் போனிலும் இருக்கிறது. பித்தநாளத்தில், அதாவது கல்லீரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாயில் வரும் புற்றுநோயிலும் கல்லீரல் புற்றுநோயிலும் ஆராய்ச்சி செய்கிற அந்த டாக்டரம்மாவைப் பார்த்து, "இத்தனை வருஷமா ஆராய்ச்சி பண்ணி என்னம்மா கிழிச்சீங்க? எங்க ஆயா கீழாநெல்லியிலயே காமாலைய விரட்டுச்சு" என்றார் ஒருவர். அரங்கமே கைதட்டியது. மூன்று நாளாக என்னைத் தூங்கவிடாதது அவர் கேள்வி இல்லை, அந்தக் கைதட்டல்.

என்ன கிழித்தார்கள் என்று நான் சொல்கிறேன். ஜப்பானில் ஒசாகா நகரத்தில் ஒரே அச்சகத்தில் வேலை பார்த்த இளம் தொழிலாளிகளுக்கு அடுத்தடுத்து பித்தநாளப் புற்றுநோய் வந்தது. வயதானவர்களைப் பிடிக்கிற நோய் இவர்களுக்கு ஏன் வருகிறது என்று தோண்டியவர்கள் ஆராய்ச்சியாளர்கள்தான். மிஷினில் மை துடைக்கிற திரவத்தில் இருந்த டைகுளோரோபுரொப்பேன்தான் காரணம் என்று தெரிந்து, 2014-ல் அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக அளவில் அறிவிக்கப்பட்டது. தாய்லாந்தின் வடகிழக்கில் ஆற்று மீனைப் பச்சையாகத் தின்பவர்களின் பித்தநாளத்தில் குடியேறும் புழுதான் அங்கே இந்த நோய்க்கு வேர் என்று கண்டுபிடித்ததும் ஆராய்ச்சி செய்கிறவர்கள்தான். இதெல்லாம் கிழித்தது இல்லையா?

மருந்துக்கு வருவோம். 2010-ல் இங்கிலாந்தில் இந்த வகைப் புற்றுநோய் உள்ள 410 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. ஜெம்சிடபின் என்ற புற்றுநோய் ஊசி மட்டும் கொடுத்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப்பேர் தாண்டிய காலம், 8.1 மாதம். கூடவே சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு ஊசியும் கொடுத்தவர்களுக்கு 11.7 மாதம். "மூணரை மாசத்துக்கா இவ்வளவு பேச்சு?" என்று கமெண்டில் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தம்பி, மூன்றரை மாதம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

எங்க நைனா குடியாத்தத்தில் லுங்கி நெய்தவர். ஒரு தை மாதம் கண் மஞ்சளானது. சிறுநீர் கட்டன் டீ மாதிரி. மலம் சுண்ணாம்பாக வெளுத்துப் போனது. உடம்பெல்லாம் அரிப்பு. தறிக்கால் மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டே நிற்பார், கையெல்லாம் நகம் கீறிய கோடுகள். காமாலை என்றால் எங்கள் தெருவுக்குத் தெரிந்தது கீழாநெல்லியும் மோரும் உப்பில்லாப் பத்தியமும்தான். ஆறு வாரம் ஓடியது. ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாயிலேயே கட்டி. பித்தம் இறங்க வழியில்லாமல் அடைத்ததால்தான் அந்த வெளுப்பும் அரிப்பும்.

விலாவில் டியூப் போட்டுப் பித்தத்தை வெளியே ஒரு பையில் இறக்கினார்கள். தினமும் காலையில் அம்மா அந்தப் பையைக் காலி செய்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் 350, 420, 380 என்று அளவு எழுதி வைப்பாள். அப்புறம் ஊசி. அந்த ஊசி கொடுத்த மாதங்களில்தான் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்தது. மாமன் மடியில் உட்காரவேண்டிய பிள்ளையை நைனா மடியில் வைத்துத்தான் காது குத்தினோம். இதற்கு நீங்கள் என்ன கணக்கு போடுவீர்கள்?

கீழாநெல்லியை நான் கேவலப்படுத்தவில்லை. அதையும் சோதித்துப் பார்த்தது ஆராய்ச்சிதான். 1988-ல் லான்செட் இதழில் சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் குழுவின் கட்டுரை வந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளும்பெர்க்கும் அதில் ஒருவர். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது என்றார்கள். பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதுவும் வைரஸுக்குப் பார்த்தது. வாய்க்காலில் கல் விழுந்து அடைத்திருந்தால் கல்லைத்தான் எடுக்க வேண்டும், தழை போட்டால் தண்ணீர் போகாது. தண்ணீரில் பரவும் காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும். பேர் மட்டும் தழைக்குப் போகும். உங்கள் ஆயாவுக்கு வந்தது அதுவாக இருந்திருக்கலாம்.

"மருந்துக் கம்பெனிக்குச் சொம்பு தூக்குறியா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பித்தநாளக் கட்டியில் எஃப்ஜிஎஃப்ஆர்2 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் வேலை செய்கிற பெமிகாட்டினிப் மாத்திரையை 2020-ல் அமெரிக்கா அனுமதித்தது. குடியாத்தத்துத் தறிக்காரனுக்கு அது எட்டுமா? எட்டாது. விலையைக் கேளுங்கள், அரசாங்கத்தைக் கேளுங்கள், உங்களோடு நானும் வந்து கேட்கிறேன். ராத்திரி பகலாக லேபில் உட்கார்ந்து தேடுகிற ஒரு பொம்பளையை மேடையில் நிற்க வைத்து ஏன் கேட்கிறீர்கள்? அவங்க நமக்கு என்ன துரோகம் பண்ணினாங்க?

வீடியோவைக் கடைசிவரை பாருங்கள். கைதட்டல் அடங்கியதும் அந்தம்மா கோபப்படவே இல்லை. "உங்க ஆயாவுக்கு மலம் வெளுத்துப் போச்சாங்க? உடம்பு அரிச்சுதா?" என்று மட்டும் கேட்டார். அவரும் பதில் சொல்லவில்லை, கைதட்டினவர்களும் சொல்லவில்லை.

அந்த ஆறு வாரமும் விடியக்காலையில் எழுந்து கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தது நான்தான். இந்த இரண்டு கேள்வியை அன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டிருந்தால், அம்மியை அப்படியே போட்டுவிட்டு நைனாவை வேலூர் பஸ்ஸில் ஏற்றியிருப்பேன்.