வட்டுக்கோட்டை செமினரி: வாட்ஸ்அப் செய்தி சரியா?

"யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகள் எல்லாம் பிரிட்டிஷ் அரசு குமாஸ்தாக்களை உருவாக்கத் தொடங்கியவை, வட்டுக்கோட்டை செமினரியில் தமிழுக்கு இடமே இல்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

1823இல் வட்டுக்கோட்டை செமினரி என்ற உயர்கல்விப் பள்ளியையும் 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியையும் தொடங்கியது அரசு அல்ல, அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷனரிகளின் அமைப்பான அமெரிக்க இலங்கை மிஷன். (யாழ்ப்பாணத்தின் மற்ற மிஷன் பள்ளிகளான வெஸ்லியன், சி.எம்.எஸ். எனப்படும் சர்ச் மிஷனரி சொசைட்டி பள்ளிகளை நடத்தியவர்கள் ஆங்கிலேயர்தான், ஆனால் அவையும் திருச்சபைச் சங்கங்களே.) நோக்கம் மதம் பரப்புவது, அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை.

சரி, தமிழ்? செமினரியில் ஆங்கிலத்தோடு தமிழும் பாடமாக இருந்தது. அங்கே படித்த சி.வை. தாமோதரம்பிள்ளைதான் பிற்பாடு தொல்காப்பிய உரைகளையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியவர். அவரும் இன்னொரு பழைய மாணவரான கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். தமிழுக்கு இடமில்லாத பள்ளி என்றால் எப்படி?

செமினரி 1855இல் மூடப்பட்டது. 1872இல் அதே ஊரில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

சந்தேகமிருந்தால், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் உள்ள அமெரிக்க மிஷன் ஆவணங்களைப் பார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விவரத்தைச் சொல்லுங்கள்.